உப்புக்கடலை வழக்கு

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

இனிமேல் என் குரலே உன் காதில் விழக் கூடாது என்று, குட்டி பட்டம் வாங்கிய விருந்தில் நாற்பது பேர் முன்னால் சொன்னாய். அதை நான் மதிக்கிறேன். கடிதத்துக்குக் குரல் கிடையாது. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எடுத்தே இத்தனை வருடம் குப்பை கொட்டியவள் நீ. இந்தச் சந்துபொந்து சட்டப்படி செல்லும் என்பது உனக்கே தெரியும்.

அன்றைக்கு நடந்ததைப் பற்றி எழுதப்போவதில்லை. அந்தக் கதையை நீ மறுபடியும் ஆரம்பித்தாய். "குட்டி வயித்துல இருந்தப்போ இவதான் ஆஸ்பத்திரிக்குத் திருட்டுத்தனமா உப்புக்கடலை கொண்டுவந்து குடுத்தா. தின்னேன். ரத்தக்கொதிப்பு ஏறி, உடம்பெல்லாம் வீங்கி, ஏழாம் மாசமே வயித்தைக் கீறவேண்டியதாப் போச்சு." இதைக் கேட்டுக் கேட்டு குட்டிக்கே இருபத்தொரு வயதாகிவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து ஓட்டல்காரர் நம் மேசையில் ஒரு கிண்ணம் உப்புக்கடலை கொண்டுவந்து வைத்தது என் சதி இல்லை. அதை ஒன்றுவிடாமல் உன் கண்ணெதிரே மென்று தின்றது மட்டும்தான் என் காரியம்.

இப்போது விஷயம். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர்களுக்கு ஒரு யோகம் உண்டு. எழுத்து கண்ணுக்குள் போகும், பொருள் மண்டைக்குள் போகாது. காலையில் கோழித்தீவன விளம்பரம், மத்தியானம் இரங்கல் அறிவிப்பு, இரண்டிலும் எனக்குத் தெரிவது ஒற்றெழுத்து மட்டும்தான். போன வாரம் ஒரு பெண்கள் மருத்துவமனைக்காகத் துண்டுப் பிரசுரம் வந்தது. தலைப்பில் ப்ரீஎக்லாம்சியா என்று இருந்தது. ஞாபகம் இருக்கிறதா? உனக்கு வந்தது அதுதான் என்று டாக்டர் சொன்னபோது, அப்பா அது ஏதோ வெளிநாட்டு ஊர் என்று நினைத்து, அங்கே எதற்குப் போகவேண்டும் என்று கேட்டாரே.

கர்ப்பத்தில் அது வந்தவர்களுக்குப் பிரசவத்தோடு ரத்தக்கொதிப்பு இறங்கிவிடுமாம். எல்லோரும் மறந்துவிடுவார்களாம். ஆனால் பத்து இருபது வருடம் கழித்து ரத்தக்கொதிப்பும் இதயக் கோளாறும் சிறுநீரகக் கோளாறும் வர மற்றவர்களைவிட அவர்களுக்கு வாய்ப்பு அதிகமாம். நிறையப் பேருக்கு ஒன்றும் வராது. வந்தாலும் ஆரம்பத்தில் தெரியாது, ஏனென்றால் சிறுநீரகம் கெடும்போது வலிக்காது. அதனால் வருடம் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்து, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்து, ரத்தமும் பரிசோதிக்கச் சொல்கிறார்கள்.

நான் அந்தப் பக்கத்தில் காற்புள்ளி தேடிக்கொண்டிருந்தேன். உன்னைத்தான் கண்டுபிடித்தேன்.

போய்ப் பரிசோதித்துக்கொள். அவ்வளவுதான்.

குரலில்லாமல்,
தங்கை


பிப்ரவரி 17

எதிர்த்தரப்புக்கு,

9ஆம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. ஓட்டல் சம்பவத்தை எழுதப்போவதில்லை என்று சொல்லிவிட்டு ஒரு பத்தி முழுக்க எழுதியிருப்பது குறித்துக்கொள்ளப்பட்டது. நீ தின்றது கூடப் பரவாயில்லை. அந்தக் கறுக் மொறுக் சத்தம் கடைசி மேசை வரை கேட்டது.

பிரசுரம் எனக்குப் பொருந்தாது. எனக்கு அது வந்தது உப்புக்கடலையால். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு கடலையைத் தொட்டதில்லை. கடலையெண்ணெயைக் கூட வீட்டுக்குள் விட்டதில்லை. காரணத்தையே நாடுகடத்திய பிறகு விளைவு எந்த வழியாக வரும்?

மற்றபடி நான் நன்றாக இருக்கிறேன். தலைவலி உண்டு. வக்கீல்கள் பேசுவதை நாள் முழுக்க எழுதிப் பார், தலை இருக்கிறவர்கள் எல்லோருக்கும் வலிக்கும். மணிக்கட்டிலும் வலி உண்டு. காலையில் ஒரு வலி மாத்திரை, சாயங்காலம் ஒன்று. இரண்டு வலிக்கும் ஒரே மாத்திரை போதும் என்பதால் சிக்கனம்தான். சாயங்காலத்தில் கால் வீங்குவது நாற்காலியின் கோளாறு. நீதிபதிக்கும் வீங்கலாம், எட்டிப் பார்க்கவா முடியும்?

தவிர, எனக்குச் சிறுநீரகம் இரண்டு இருக்கிறது.

அக்கா

பி.கு. உன் அத்தான் விசாரித்ததாக எழுதச் சொன்னார். நான் எழுதவில்லை.


பிப்ரவரி 22

அக்காவுக்கு,

நாடுகடத்தியவளுக்கு ஒரு கேள்வி. உன்னை எதற்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்? காலில் செருப்பு நுழையவில்லை, கண்ணுக்கு முன்னால் மின்மினி பறக்கிறது என்று நீ சொன்னதால். சேர்த்தது திங்கட்கிழமை. நான் கடலை கொண்டுவந்தது வியாழக்கிழமை. அதையும் கேட்டது யார்? "உப்பில்லாத கஞ்சியைக் குடிச்சுக் குடிச்சு நாக்கே செத்துப்போச்சுடி. ஏதாவது கொண்டா, நர்ஸ் கண்ணுல படாம கொண்டா." வியாழக்கிழமை வந்த கடலை திங்கட்கிழமை வீக்கத்தை உண்டாக்கியது என்றால், அது கடலை இல்லை, சித்தர்.

அந்தக் கோளாறு ஆரம்பிப்பது நச்சுக்கொடியில் என்று பிரசுரத்தில் இருக்கிறது. கடலை என்ற சொல்லே அதில் இல்லை. இரண்டு முறை தேடினேன். தேடுவதுதான் என் வேலை.

இரண்டு சிறுநீரகம் இருக்கிறதே என்கிறாய். ஒன்று விடுப்பு எடுத்தால் இன்னொன்று வேலை பார்க்க அது உன் நீதிமன்றம் இல்லை. இந்த மாதிரி வியாதியில் இரண்டும் சேர்ந்தேதான் கெடும்.

உன் கடிதத்தில் நான் பயந்தது வேறு இடத்தில். நீ சிக்கனம் என்று எழுதியிருக்கும் மாத்திரை, அதைத் தினமும் விழுங்கினால் சிறுநீரகத்தையே சிதைக்குமாம், அதுவும் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டு வலிக்கு ஒரே மாத்திரை என்று நீ சந்தோஷப்படுகிறாய். மூன்றாவதாக அது என்ன வேலை பார்க்கிறது என்று உனக்குத் தெரியாது.

தலைவலி, கால் வீக்கம், இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவிட்டு நாற்காலியைக் குற்றம் சொல்கிறாய். உன்னிடம் மாட்டினால் கடலையும் தப்பாது, நாற்காலியும் தப்பாது.

குட்டிக்கு எழுதட்டுமா?

தங்கை


மார்ச் 2

எதிர்த்தரப்புக்கு,

குட்டிக்கு ஒரு வரி எழுதினாலும் கடிதப் போக்குவரத்து அன்றோடு முடியும். அந்த விஷயத்தில் அவளை இழுக்காதே. சொன்னால் சொன்னதுதான்.

திங்கள், வியாழன் என்று நீ சொல்லும் கிழமைகளுக்குச் சாட்சி இல்லை. நர்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார். அப்பா போய்விட்டார். உன் அத்தானை விசாரித்தேன். "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கொடுத்துவரும் ஒரே சாட்சியம் இதுதான்.

இருந்தாலும் சமரசத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். உப்புக்கடலை கொடுத்தது நான்தான், நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம் என்று உன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மறுநாளே பரிசோதனைக்குப் போகிறேன். உனக்கு என் சிறுநீரகத்தின் மேல் உண்மையிலேயே அக்கறை இருந்தால் ஒரு தாளும் கொஞ்சம் மையும் பெரிதாகத் தெரியாது.

அக்கா


மார்ச் 7

அக்காவுக்கு,

முடியாது.

ஒரு நாளைக்குப் பதினாறு பக்கம் மற்றவர்கள் எழுதிய பொய்யைத் திருத்திக் கொடுக்கிறேன். சொந்தமாக ஒன்று எழுத என் கை வராது. செய்யாத குற்றத்துக்காக ஒவ்வொரு பிறந்தநாளிலும் ஒவ்வொரு கல்யாணத்திலும் கூண்டில் நின்றிருக்கிறேன். இதில் சம்பந்தமே இல்லாத சொந்தக்காரர்கள் கூட என்னைக் கண்டால் தின்பண்டத் தட்டை நகர்த்தி வைக்கிறார்கள். இதற்குக் கையெழுத்து வேறு போடவேண்டுமாம்.

சிறுநீரகம் உன்னுடையது, மானம் என்னுடையது. அவரவர் சொத்தை அவரவர் பார்த்துக்கொள்வோம்.

தங்கை


மார்ச் 19

எதிர்த்தரப்புக்கு,

உன் மறுப்பு கிடைத்தது. எதிர்பார்த்ததுதான்.

இந்தக் கடிதத்தைப் பென்சிலில் எழுதுவதற்கு மன்னிக்கவும். பேனா எழுத்தைப் பார்த்தால் இரண்டு நாளாகக் கண் கூசுகிறது. செவ்வாய்க்கிழமை ஒரு சொத்து வழக்கில் சாட்சி பேசுவதை எழுதிக்கொண்டிருக்கும்போது நோட்டின் ஓரத்தில் பளிச் பளிச்சென்று ஏதோ பறந்தது. முதலில் மின்விளக்கு என்று நினைத்தேன். நாலு வரி எழுதாமல் விட்டுவிட்டேன். என் வேலையில் இதுவரை நடக்காதது. நீதிபதி, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். விளக்கு சரியில்லை என்று சொன்னேன்.

கல்யாண மோதிரம் விரலை விட்டு வரவில்லை. உன் அத்தான் சோப்புத் தண்ணீர் வைத்து இழுத்ததில் விரல் வந்துவிடும் போலிருந்தது, மோதிரம் வரவில்லை. அது நகைக்கடைக்காரன் அளவில் செய்த கோளாறு.

நிபந்தனை அப்படியே இருக்கிறது. நான் இறங்கி வரமாட்டேன்.

அக்கா


மார்ச் 21
விரைவுத் தபால்

அக்கா,

இணைப்பைப் படி. படித்ததும் போ. நாளைக்கு இல்லை, இன்றைக்கே.

*வாக்குமூலம்*

*கீழே கையெழுத்திட்டிருக்கும் நான், சுயநினைவோடும் யாருடைய நிர்ப்பந்தமும் இன்றியும் (இது முதல் பொய்) எழுதிக்கொடுப்பது: என் அக்கா கர்ப்பமாக இருந்தபோது அவளுக்கு உப்புக்கடலை கொடுத்தது நானே. வியாழக்கிழமை கொடுத்த அந்தக் கடலை, திங்கட்கிழமைக்குத் திரும்பிப் போய் அவள் காலை வீங்க வைத்தது. ரத்தக்கொதிப்பு, முகவீக்கம், அறுவை சிகிச்சை, குட்டி ஏழாம் மாதத்திலேயே உலகம் பார்க்க நேர்ந்தது, அந்த வருடம் கிணறு வற்றியது ஆகிய அனைத்துக்கும் மேற்படி கடலையே பொறுப்பு. கடலைக்கு நானே பொறுப்பு. இனி எந்த விருந்திலும் இதை மறுத்துப் பேசமாட்டேன். கிண்ணம் வைத்தாலும் தொடமாட்டேன்.*

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சாட்சியாக எங்கள் அச்சகத்தில் பைண்டிங் பார்க்கிறவர் போட்டிருக்கிறார். எதற்கு என்று கேட்டார். "அக்கா உடம்புக்கு" என்றேன். கேள்வி கேட்காமல் இரண்டு இடத்தில் போட்டார்.

மானம் கிடக்கட்டும். மின்மினியை நான் மறக்கவில்லை. கிளம்பு.

தங்கை


ஏப்ரல் 3

தங்கைக்கு,

போனேன்.

சொன்ன வாக்குப்படி போனேனே தவிர, பயந்து போகவில்லை என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். உன் அத்தானும் வந்தார். ரத்தம் எடுக்க ஊசியை வெளியே எடுத்தார்கள். ஊசி எனக்கு, மயக்கம் அவருக்கு. நர்ஸ் முதலில் அவரைப் படுக்க வைத்துவிட்டுத்தான் என்னைக் கவனித்தாள். அதற்குள் எனக்கு ரத்த அழுத்தம் இன்னும் பத்து ஏறியிருக்கும்.

டாக்டர் சின்னப் பெண். நம் குட்டியைவிட ஏழெட்டு வயது பெரியவளாக இருந்தால் அதிகம். என் பழைய அட்டையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கடலை அலர்ஜியா?" என்றாள்.

"அலர்ஜி இல்ல, பகை" என்றேன்.

"இதுல அலர்ஜின்னு எழுதியிருக்கே. கர்ப்பத்துல பிரச்சனை ஏதாவது இருந்துச்சான்னு கேட்டதுக்குப் பதிலா இதை எழுதியிருக்காங்க."

விஷயம் என்னவென்றால், எந்த டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டாலும் நான் கடலைக் கதையைத்தான் சொல்லியிருக்கிறேன். அவர்களும் சிரத்தையாகக் கடலையைக் குறித்துக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் ஒருத்தர் கூட என் சிறுநீரைப் பார்க்கவில்லை. எனக்குப் பிஸ்கட் கொடுக்கும்போது மட்டும் எல்லோரும் ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார்கள்.

நான் உன் வாக்குமூலத்தை எடுத்துக் கொடுத்தேன். ஆவணச் சான்று இருக்கும்போது வாயால் ஏன் பேசவேண்டும்? அந்தப் பெண் முழுவதும் படித்தாள். கிணற்றுக்கு வந்தபோது நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"இதை எழுதினது யாரு?"

"என் தங்கச்சி."

"உங்க மேல ரொம்ப உசிரா இருப்பாங்க போல" என்றாள். இதை நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னது.

பிறகு கடலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு வந்தது நச்சுக்கொடியில் வந்த கோளாறு, யாரும் கொடுத்து வருவதில்லை, தின்று வருவதில்லை என்றாள். நீங்கள் எந்தத் தரப்பு என்று கேட்டேன். "சிறுநீரகத் தரப்பு" என்றாள். வாயுள்ள பெண்.

முடிவுகள் நேற்று வந்தன. ரத்த அழுத்தம் நூற்று அறுபதுக்கு மேல். சிறுநீரில் புரதம் கசிகிறது. சிறுநீரகம் வேலை செய்வது கொஞ்சம் குறைந்திருக்கிறது. "இன்னும் சில வருஷம் இப்படியே மாத்திரையைப் போட்டுக்கிட்டு இருந்திருந்தீங்கன்னா, நாம வேற மாதிரி பேசிக்கிட்டு இருந்திருப்போம்" என்றாள். வலி மாத்திரையைக் குப்பையில் போடச் சொன்னாள். ரத்தக்கொதிப்புக்கு வேறு கொடுத்திருக்கிறாள். சிறுநீரக டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதியிருக்கிறாள். உணவில் உப்பைக் குறைக்கச் சொன்னாள். அதை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொல்லி, சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டேன். மேல்முறையீட்டுக்கு உதவும்.

இன்னொன்று. தீர்ப்புக்குக் காரணம் எழுதுவது வழக்கம் என்பதால் எழுதுகிறேன். குட்டிக்கு ஆறு வயது இருக்கும்போது என் வயிற்றுத் தழும்பைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நான் பொறந்ததாலதான் உனக்கு உடம்பு முடியாமப் போச்சாம்மா?" இல்லடி செல்லம், உன் சித்தி கொண்டுவந்த கடலையாலதான் என்று சொன்னேன். அதற்கு முன்னால் அது வெறும் வேடிக்கைப் பேச்சு. அன்றைக்குத்தான் அது சட்டமானது. வீட்டில் ஒரு குற்றவாளி தேவைப்பட்டாள். நீ தோதாக இருந்தாய்.

அக்கா


ஏப்ரல் 7

அக்காவுக்கு,

இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் ஒரு ஓட்டல் கிண்ணமாவது மிஞ்சியிருக்கும். கேட்டிருந்தால் நான் இலவசமாகவே குற்றவாளியாக இருந்திருப்பேன்.

வாக்குமூலத்தைத் திருப்பி அனுப்பாதே. அது அப்படியே செல்லும். என் சித்திப் பதவிக்குப் பாதகமில்லாமல் எத்தனை பிறந்தநாளுக்கு வேண்டுமானாலும் வாசிக்கலாம். கிணறு மட்டும் கொஞ்சம் அதிகம், அந்த வரியை அடித்துவிடு.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் "கொஞ்சம்" என்ற சொல்லில் போய் நின்றேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு? "குறைந்திருக்கிறது" என்று எழுதுகிறவள் எண்ணை எழுதியிருக்க வேண்டாமா? சிறுநீரக டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. மாத்திரையை விழுங்கினாயா என்றும் எழுது. தலைவலி இல்லாத நாளாகப் பார்த்து நீயே மாத்திரையை நிறுத்திவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா?

தங்கை


ஏப்ரல் 22

தங்கைக்கு,

நிறுத்தவில்லை. உன் அத்தான் காலையில் தட்டில் வைத்து நீட்டுகிறார். நான் விழுங்கும் வரை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

சிறுநீரக டாக்டர் பெரியவர், பேச்சு குறைவு. கசிவை மறுபடியும் பார்த்தார். மாத்திரையால் ஏற்கெனவே கொஞ்சம் இறங்கியிருக்கிறது. எண் கேட்டாயே: நூற்றுக்கு அறுபது பங்குக்குக் கொஞ்சம் கீழே வேலை செய்கிறதாம். அறுபதைத் தாண்டாமல் பள்ளிக்கூடம் முழுவதையும் முடித்தவள் என்பதால் எனக்கு அது அவ்வளவு மோசமாகப் படவில்லை. அவருக்குப் பட்டது. இந்த இடத்திலேயே பிடித்து நிறுத்தினால் பல வருடம் ஓட்டலாம் என்றார்.

"மாத்திரை எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"ஆயுசுக்கும்."

"நன்னடத்தைக்காகக் குறைக்க மாட்டீங்களா?"

"நன்னடத்தை இருந்தா கிட்னி ரொம்ப நாள் வரும். விடுதலை கெடையாது."

எழுதிக்கொள்ளத் தகுந்த மனிதர்.

குட்டிக்கு நானே போனில் சொல்லிவிட்டேன். நாளைக்கு அவள் கர்ப்பமானால், அம்மாவுக்கு இப்படி வந்தது என்று முதல் நாளே டாக்டரிடம் சொல்லவேண்டுமாம். அவளுக்கும் வர வாய்ப்பு இருக்கிறதாம். அதனால் கடலையை வைத்துக்கொண்டு இனி ஒப்பேற்ற முடியவில்லை. நச்சுக்கொடியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "அப்ப சித்தி நிரபராதியா?" என்றாள். அது விசாரணையில் இருக்கிறது என்றேன். சிரித்தாள். சிரித்த மாதிரிதான் இருந்தது, மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது.

நாற்காலி மாற்றித் தந்துவிட்டார்கள். கால் வீக்கம் குறைந்தது மாத்திரையாலா நாற்காலியாலா என்று நான் ஆராயவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து ரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டு, அரைநாள் உட்கார்ந்து, முடிவை வாங்கிக்கொண்டு போகவேண்டும். உன் அத்தான் இந்த டாக்டரிடமும் கூட வந்தார், இந்தத் தடவை பஞ்சைப் பார்த்தே விழுந்தார். அடுத்த முறை அவரை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லி நர்ஸ் கேட்டுக்கொண்டாள். அந்த அறையில் எல்லோரும் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்திருக்கிறார்கள். பேர் கூப்பிடும்போது ஒருத்தர் எழுந்திருக்க, இன்னொருத்தர் பையைப் பிடித்துக்கொள்கிறார். நான் என் பையை நானே பிடித்துக்கொண்டு போனேன்.

கிளம்பும்போது வாய் தவறி டாக்டரிடம் கேட்டுவிட்டேன். "ஆயுசுக்கும்னா, ஆயுசுக்கும் என்கூட இங்க யாரு டாக்டர் வருவா?"

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "அது மருத்துவக் கேள்வி இல்லம்மா" என்றார்.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

அக்கா